கோப்புகளின் காவல்: சொந்த சர்வர் குறித்து ஒரு பரிசீலனை

கோவையிலிருந்து மேட்டுப்பாளையம் போகும் நெடுஞ்சாலையில், அரங்கநாதர் தேரோடும் வீதிகளைச் சுற்றி வளர்ந்துள்ள காரமடையிலும் அதை அடுத்த ஊர்களிலும் இன்று எந்தத் தொழிலை எடுத்து நோக்கினாலும், அதற்கு ஆதாரமான விவரங்களில் பெரும்பகுதி காகிதத்தை விட்டு விலகி வெகுகாலமாகிவிட்டது. கறிவேப்பிலைத் தோட்டக்காரர் வியாபாரிக்கு வெட்டி அனுப்பிய பாரத்தின் எடையும் விலையும் கைபேசியில் இருக்கின்றன. பாக்குத் தோப்பின் பட்டாவும் வில்லங்கச் சான்றும் படங்களாக இருக்கின்றன. பால் சங்கத்து உறுப்பினர் பட்டியலும், அவர்களுடைய ஆதார் நகல்களும், வங்கிக் கணக்கு எண்களும் ஒரே ஃபோல்டரில் அடுத்தடுத்துக் கிடக்கின்றன. சிறுமுகையில் மென்பட்டுச் சேலை நெய்வோரிடத்தில் நிலைமை இன்னும் நுட்பமானது. முன்னாளில் சேலையின் கரையும் முந்தானையும் கட்டம் போட்ட தாளில் ஒவ்வொரு கட்டமாக வண்ணம் தீட்டப்பெற்று, அந்தத் தாளைப் பார்த்து அட்டைகளில் துளையிடப்பெற்று, அட்டைகள் வரிசையாகக் கோக்கப்பெற்று ஜக்கார்டு பெட்டியின்மேல் ஏறும். இன்று அந்தக் கட்டங்கள் கணினித் திரையில் நிரப்பப்பட்டு, ஒரு படக்கோப்பாகச் சேமிக்கப்பட்ட பிறகே அட்டைக்கோ மின்னணு ஜக்கார்டுக்கோ போகின்றன. தீபாவளிக்கு முன்னதாக ஒரு புது முந்தானை டிசைன் பிறர் கைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டால், பல வாரத்து உழைப்பின் லாபம் முழுவதும் அந்த ஒரு கோப்போடு போய்விடும்.

இத்தனை அருமையான பொருள்கள் எங்கே வைக்கப்பட்டிருக்கின்றன என்று விசாரித்தால், ‘டிரைவில் இருக்கிறது’ என்ற ஒரே விடைதான் எல்லா வீடுகளிலும் கிடைக்கிறது. அந்த டிரைவ் யாருடையது, எந்த நிபந்தனையின் பேரில் நமக்குத் தரப்பட்டிருக்கிறது, அதற்கு மாற்றாக லினக்ஸ் இயங்குதளத்தின்மேல் நமக்கென்று ஒரு கிளவுட் சேமிப்பு சர்வரை அமைத்துக்கொள்வது சாத்தியமா, சாத்தியமானால் அதன் பாதுகாப்புக்கு என்ன விலை கொடுக்க வேண்டும் என்பனவற்றை ஒருசேர ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: சர்வரை நிறுவுவது எளிது, அதைக் காப்பதே அரிது, ஆதலால் அது தனி வீட்டுக்கு ஏற்ற காரியமாவதைக் காட்டிலும் கூட்டாக நடத்தும் ஒரு சங்கத்துக்கு ஏற்ற காரியமாகவே இருக்கிறது.

பிறர் கையில் வைப்பதன் அபாயத்துக்கு நம் தேசத்திலேயே ஓர் உதாரணம் சமீபத்தில் நடந்தது. 2025 ஜூலை 18ஆம் தேதி ஐரோப்பிய யூனியன் ரஷ்யாவின்மீது விதித்த தடைகளில், குஜராத்தின் வாடினாரில் ஆண்டுக்கு 2 கோடி டன் கச்சா எண்ணெயைச் சுத்திகரிக்கும் நயாரா எனர்ஜி நிறுவனத்தின் பெயரும் இடம்பெற்றது. அதன் பங்குகளில் ஏறத்தாழப் பாதி ரஷ்யாவின் ராஸ்நெப்ட் வசம் இருப்பதே காரணம். சில தினங்களுக்குள் மைக்ரோசாஃப்ட் அந்நிறுவனத்தின் மின்னஞ்சல் முதலிய சேவைகளை நிறுத்திவிட்டது. இந்திய மண்ணில், இந்தியச் சட்டத்துக்கு உட்பட்டு, சந்தா முழுவதும் செலுத்தி இயங்கிய ஒரு ஸ்தாபனம் தன் சொந்தக் கடிதங்களையும் ஆவணங்களையும் பார்ப்பதற்கு டில்லி உயர் நீதிமன்றத்தின் கதவைத் தட்ட நேர்ந்தது. மாத முடிவுக்குள் சேவை மீண்டும் கிடைத்ததென்றாலும், சாவி யார் கையில் இருக்கிறது என்பது அன்று வெளிப்படையாகிவிட்டது. எண்ணெய்க் கம்பெனிக்கு நேர்ந்தது கறிவேப்பிலை வியாபாரிக்கு நேராது என்று சமாதானம் கொள்ளலாம். ஆனால், 2021இல் அமெரிக்காவில் ஒரு தகப்பனார், நோயுற்ற தன் குழந்தையைப் படமெடுத்து வைத்தியருக்கு அனுப்பியதைக் குற்றமாகத் தவறாக எண்ணிய கூகுள் அவருடைய கணக்கை முடக்கியதும், போலீஸார் அவர் நிரபராதி என்று கண்ட பின்னரும் கணக்கு திரும்பாததும் பத்திரிகைகளில் விரிவாக வந்த செய்திகள். கூகுள் இலவசமாகத் தரும் 15 ஜிபி இடத்தில் 2021 ஜூன் முதல் புகைப்படங்களும் சேர்த்துக் கணக்கிடப்படுகின்றன. இரண்டு வருஷம் தொடாத கணக்கு அழிக்கப்படலாம் என்ற விதியும் வந்திருக்கிறது. தகப்பனார் காலமான பிறகு அவருடைய கணக்கில் இருக்கும் நிலப் பத்திரப் படங்களைத் தேடும் பிள்ளைகளுக்கு இந்த விதியின் பொருள் நன்றாக விளங்கும்.

நியாயமாகப் பேசுவதானால், அந்தப் பெரிய நிறுவனங்களின் காவல் திறமையைக் குறைத்துச் சொல்ல எவராலும் இயலாது. ஒரு கோப்பைப் பல இயந்திரங்களில் பிரதி செய்து வைப்பதும், இரவு பகலாகக் கண்காணிக்க நிபுணர்களை அமர்த்துவதும் அவர்களுக்குச் சர்வசாதாரணம். தென்காசி மாவட்டத்துக் கிராமத்தில் அலுவலகம் வைத்து உலகத்துக்கே மென்பொருள் விற்கும் ஜோஹோ போன்ற நம்மூர் நிறுவனங்களும் இத்துறையில் இருக்கின்றன. ஆகவே சொந்த சர்வர் வைப்பவர், திறமையில் தம்மைவிட மேம்பட்ட ஒரு காவலாளியை விலக்கிவிட்டு அந்தப் பொறுப்பைத் தாமே ஏற்கிறார் என்பதை மறக்கலாகாது. அந்தப் பொறுப்பை ஏற்கத் தகுந்த காரணம் இருக்கிறதென்றே நான் நம்புகிறேன். ஏற்ற பிறகு அலட்சியமாக இருப்பதற்கு மட்டும் எந்தக் காரணமும் இல்லை.

இதற்கு வேண்டிய கருவிகள் நம்மிடம் இல்லாமலில்லை. 1991இல் பின்லாந்தின் மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் வெளியிட்ட லினக்ஸ் கருவும், அதற்கு முன்பே 1983இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் தொடங்கிய குனூ திட்டமும் சேர்ந்து உருவான இயங்குதளம் தமிழ்நாட்டுக்குப் புதிதன்று. சென்னையில் சி-டாக் நிறுவனம் டெபியனை அடிப்படையாகக் கொண்டு ‘பாஸ்’ லினக்ஸை 2007இல் வெளியிட்டது; ஐ.ஏ.எஸ். அதிகாரி உமாசங்கர் நிர்வாக இயக்குநராக இருந்த காலத்தில் தமிழக அரசு நிறுவனமான எல்காட் தன் அலுவலகக் கணினிகளையே லினக்ஸுக்கு மாற்றிக் காட்டியது; 2011 முதல் மாணவர்களுக்கு அரசு வழங்கிய மடிக்கணினிகளில் விண்டோஸோடு பாஸும் சேர்ந்தே வந்தது; மாவட்ட நீதிமன்றங்களின் மின்மயமாக்கத் திட்டம் உபுண்டுவின்மேல் நடக்கிறது. இத்தனையும் நடந்திருந்தும், லினக்ஸை மேஜைக்குக் கொண்டுவர எடுத்துக்கொண்ட சிரத்தையில் ஒரு பங்கையாவது அதன் இயல்பான ஸ்தானமாகிய சர்வர் நிர்வாகத்தைக் கற்பிக்க எடுத்துக்கொண்டோமா என்பதே என் ஆதங்கம்.

சேமிப்புக்கான மென்பொருள்களில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது பலர் நினைப்பதுபோலப் பெரிய பிரச்னையன்று. ஓர் அலுவலகத்துக்குள் மட்டும் கோப்புகளைப் பகிர 1992இல் ஆண்ட்ரூ டிரிட்ஜெல் எழுதத் தொடங்கிய சம்பா இன்றும் போதுமானது. நடுவில் சர்வரே இல்லாமல் இரண்டு மூன்று கருவிகள் தமக்குள் கோப்புகளை ஒத்திசைத்துக்கொள்ள வேண்டுமானால் சிங்க்திங் இருக்கிறது. ஒரு குடும்பத்தின் புகைப்படங்களுக்கு இதற்குமேல் தேவையில்லை என்பது என் அபிப்பிராயம். பலர் பலவிதமான உரிமைகளோடு புழங்கவும், வெளியாருக்கு ஓர் இணைப்பை அனுப்பவும், நாள்காட்டியும் முகவரிகளும் கூடவே இருக்கவும் வேண்டுமானால் நெக்ஸ்ட்கிளவுட் வேண்டும். 2010இல் ஓன்கிளவுடைத் தொடங்கிய ஃபிராங்க் கார்லிட்செக், 2016இல் அதிலிருந்து பிரிந்து வந்து ஆரம்பித்தது இது. ஜெர்மானிய மத்திய அரசின் கணினி மையமே 2018இல் இதை ஏற்றுக்கொண்டது. சீஃபைல் வேகத்தில் சிறந்ததாயினும், கோப்புகளைத் துண்டுகளாக்கித் தனக்கே உரிய அமைப்பில் வைக்கிறது. நெக்ஸ்ட்கிளவுடோ கோப்பைக் கோப்பாகவே ஹார்ட் டிஸ்கில் வைக்கிறது. மென்பொருள் முழுவதும் பழுதானாலும், டிஸ்கைக் கழற்றி வேறொரு லினக்ஸ் கணினியில் மாட்டினால் சேலை டிசைன் சேலை டிசைனாகவே கண்ணில் படும். இந்த ஒரு குணத்துக்காகவே நான் அதைப் பரிந்துரைக்கிறேன்.

கருவி விஷயத்தில் ஆடம்பரம் அநாவசியம். பத்து வாட் மின்சாரம் இழுக்கும் சிறு பெட்டி இரண்டு மாதத்தில் சுமார் 14 யூனிட் செலவிடும். மூலையில் கிடக்கிறதே என்று எடுத்து ஓட்டும் பழைய மேஜைக் கணினி 60 வாட் இழுத்தால் அதே காலத்தில் 86 யூனிட் ஆகிவிடும். வீட்டிணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்னும் சலுகையில் பெரும்பகுதியை அந்தப் பழைய கணினி ஒன்றே தின்றுவிடும் என்பதை, இலவசமாகக் கிடைத்த கணினி என்று மகிழ்பவர்கள் யோசிக்க வேண்டும். டிஸ்குகள் இரண்டு வேண்டும். ஒன்றில் எழுதுவது மற்றொன்றிலும் எழுதப்படுமாறு இசட்எஃப்எஸ் அல்லது பிடிஆர்எஃப்எஸ் முறையில் இணைத்துவிட்டால், ஒரு டிஸ்க் செத்தாலும் வேலை நிற்காது. காலப்போக்கில் ஓசையின்றிச் சிதையும் கோப்புகளையும் அவை கண்டுபிடித்துச் சொல்லும். கோடை இடியும் ஐப்பசி இடியும் நீலகிரிச் சரிவிலிருந்து இறங்கும் இந்தப் பகுதியில் மின்சாரத்தைப் பற்றியே அதிகக் கவலை வேண்டும். இணையம் வரும் கண்ணாடி இழை மின்னலைக் கடத்தாது என்றாலும், ரவுட்டருக்கு வரும் கரண்ட் கடத்தும். வீட்டு இன்வெர்ட்டரில் யு.பி.எஸ். நிலைக்கு மாற்றும் விசை இருந்தால் அதை மாற்றிவைக்காவிடில், கரண்ட் போகும் ஒவ்வொரு தடவையும் சர்வர் அணைந்து எழும். எழுதிக்கொண்டிருந்த தரவுத்தளம் பாதியில் அறுபடும். பேட்டரி தீரும் தறுவாயில் தானே முறைப்படி அணைந்துகொள்ளுமாறு யு.பி.எஸ்.ஸையும் சர்வரையும் ஒரு கேபிளால் பேசவைப்பது ஒரு மணி நேர வேலை; அதைச் செய்யாமல் விடுபவர்களே அதிகம்.

இனி இணைப்பு. கோவையிலோ சென்னையிலோ இருக்கும்போது காரமடையிலுள்ள சர்வரை அடைய வேண்டுமானால், அதற்கு இணையத்தில் ஒரு வெளிமுகவரி இருக்க வேண்டும். ஆசிய-பசிபிக் பகுதிக்கான பழைய நான்காம் பதிப்பு இணைய முகவரிகளின் பொதுக் கையிருப்பு 2011 ஏப்ரலிலேயே தீர்ந்துபோயிற்று. ஆகையால் நம் நாட்டில் பல கம்பெனிகள் எத்தனையோ வீடுகளை ஒரே வெளிமுகவரியின் பின்னால் அடுக்கி வைக்கின்றன. ரவுட்டரின் உள்பக்கத்தைத் திறந்து, வெளியிணைப்பு முகவரி என்ற இடத்தில் 100.64 முதல் 100.127 வரையிலான எண்களில் ஒன்றைக் கொண்டு முகவரி தொடங்கக் கண்டால், உங்கள் வீடும் அந்த அடுக்கில் ஒன்று என்று அறியலாம். எத்தனை போர்ட்டுகளைத் திறந்துவிட்டாலும் வெளியிலிருந்து எவரும் உள்ளே வர முடியாது. இதைத் தெரிந்துகொள்ளாமல் நாட்கணக்கில் ரவுட்டரோடு போராடிச் சலித்தவர்கள் பலர். விடுபட வழிகள் சில உண்டு. மாதாமாதம் கூடுதல் கட்டணம் செலுத்தி நிலையான முகவரி வாங்கலாம். ஆறாம் பதிப்பு முகவரி இந்தியாவில் வெகுவாகப் பரவியிருப்பதால் அதையே பயன்படுத்தலாம். மும்பையிலோ பெங்களூரிலோ சிறு வாடகைக் கணினி ஒன்றை எடுத்து, அங்கிருந்து வீட்டுக்கு ஒரு மறைவழி (வி.பி.என்.) போடலாம். கிளவுட்ஃப்ளேர் முதலிய நிறுவனங்கள் தரும் சுரங்கம் சுலபமானதுதான். ஆனால் அங்கே மறையாக்கம் நடுவழியில் அவிழ்ந்து மறுபடி கட்டப்படுகிறது. பிறர் பார்வையிலிருந்து தப்பவே சொந்த சர்வர் வைத்தவர் இந்த ஏற்பாட்டை ஏற்குமுன் ஒருதரம் சிந்திப்பது நலம்.

பாதுகாப்பு என்ற சொல்லைக் கேட்டதும், நம் சிற்றூர்ச் சங்கத்தை எவன் தேடி வந்து தாக்கப்போகிறான் என்று கேட்போர் உண்டு. எவனும் தேடி வருவதில்லை; ஆயினும் தாக்குதல் வருகிறது. தொலைவிலிருந்து நுழைய உதவும் எஸ்.எஸ்.ஹெச். வழிக்கான 22ஆம் எண் போர்ட்டைத் திறந்து ஒரு லினக்ஸ் சர்வரை இணையத்தில் விட்டு, அதன் நுழைவுப் பதிவேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு பார்த்தால் போதும். அதிக நேரம் காத்திருக்கத் தேவையில்லை, வரிகள் ஓடத் தொடங்கிவிடும். ‘ரூட்’ என்ற பெயரில் ஒரு முயற்சி, தோல்வி, ‘அட்மின்’, தோல்வி, ‘உபுண்டு’, ‘டெஸ்ட்’, ‘பை’, ‘போஸ்ட்கிரெஸ்’ என்று வரிசையாக, கண்டம் விட்டுக் கண்டம் தாண்டிய முகவரிகளிலிருந்து, இரவென்றும் பகலென்றும் பாராமல் யந்திரங்கள் கதவை ஆட்டிப் பார்த்துக்கொண்டே இருக்கும். உலகத்து முகவரிகள் அனைத்தையும் வரிசையாகத் துழாவும் அந்த யந்திரங்களுக்குக் காரமடையும் கலிஃபோர்னியாவும் ஒன்றே.

ஆதலின் முதற்காரியம், கடவுச்சொல்லால் நுழையும் வழியையே அடைத்துவிட்டு, சாவிக்கோப்பு உள்ளவர் மட்டும் எஸ்.எஸ்.ஹெச். மூலம் நுழையுமாறு செய்வது. ரூட் பெயரில் நேராக நுழைவதைத் தடுப்பது. ஃபயர்வாலில் எல்லாவற்றையும் மூடி, அவசியமானதை மட்டும் திறப்பது. பாதுகாப்புத் திருத்தங்கள் தாமாகவே ஏறுமாறு அமைப்பது. தரவுத்தளம் அந்தக் கணினிக்கு உள்ளே மட்டும் பேச வேண்டும். கோப்புகள் இருக்கும் ஃபோல்டர் வலைத்தளத்தின் ஃபோல்டருக்கு வெளியே இருக்க வேண்டும். பயன்படுத்துவோர் ஒவ்வொருவருக்கும் கடவுச்சொல்லோடு கைபேசியில் தோன்றும் ஆறு இலக்க எண்ணும் கட்டாயமாக வேண்டும். உலாவியில் பூட்டுச் சின்னம் தோன்றச் செய்யும் சான்றிதழுக்கு ஒருகாலத்தில் பணம் செலவழித்தார்கள். 2015இன் இறுதியில் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்ட லெட்ஸ் என்க்ரிப்ட் அதை இலவசமாக்கிவிட்டது. அச்சான்றிதழ் 90 நாளில் காலாவதியாவதால், தானே புதுப்பித்துக்கொள்ளும் ஏற்பாடு ஓடுகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இவை யாவற்றையும் செய்த பின்னரும் ஒரு கேள்வி நிற்கிறது: இந்த சர்வர் ஊருலகத்துக்குத் தெரியத்தான் வேண்டுமா? என் விடை, வேண்டாம் என்பதே. 2020 மார்ச்சில் லினக்ஸ் கருவோடு சேர்க்கப்பட்ட வயர்கார்ட் என்னும் மறைவழி மென்பொருளில் ஒரு விசேஷம் உண்டு. சரியான சாவியோடு வராத எவருக்கும் அது பதிலே சொல்வதில்லை, மறுப்புகூடச் சொல்லாது. துழாவி வரும் யந்திரத்துக்கு அங்கே ஒரு கதவு இருப்பதே தெரியாது. சங்கத்து உறுப்பினர்களின் கைபேசிகளில் வயர்கார்டை ஒருமுறை அமைத்துவிட்டு, நெக்ஸ்ட்கிளவுடை அந்த மறைவழிக்குள் மட்டுமே திறந்து வைத்தால், மேலே சொன்ன பதிவேட்டின் ஓட்டம் அநேகமாக நின்றுபோகும். இதனால் வெளியாருக்கு இணைப்பு அனுப்பும் சௌகரியம் போய்விடும் என்பது உண்மை. அந்த ஒரு சௌகரியத்துக்காக மற்ற எல்லாவற்றையும் வீதியில் வைப்பதற்கு எனக்குச் சம்மதமில்லை.

ஏனெனில், மென்பொருளில் ஓட்டை விழுவது நம் கையில் இல்லை. 2019 அக்டோபரில் பிஎச்பி மென்பொருளில் ஒரு குறை வெளியாகி, நெக்ஸ்ட்கிளவுட் நிர்வாகமே அதைத் திருத்திக்கொள்ளும்படி எச்சரித்தது. திருத்தாமல் விட்டவர்களின் சர்வர்களில் நவம்பரில் நெக்ஸ்ட்கிரை என்ற பிணைத்தொகை வைரஸ் புகுந்து கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்டது. 2021 ஜூனில் வெஸ்டர்ன் டிஜிட்டலின் பழைய மை புக் லைவ் பெட்டிகள், வாங்கியவர்களின் மேஜைமேல் இருந்தபடியே இரவோடிரவாக வெறுமையாக்கப்பட்டன. 2022 ஜனவரியில் க்யூநாப் சேமிப்புப் பெட்டிகளுக்கு டெட்போல்ட் என்ற பிணைத்தொகை வைரஸ். 2023 நவம்பரில் ஓன்கிளவுடின் ஒரு துணைச் செயலியில் நிர்வாகியின் கடவுச்சொல்லையே வெளியிட்டுவிடக்கூடிய குறை. இவற்றிலெல்லாம் அடிபட்டவர்களில் பெரும்பாலோர் பெட்டியை நேராக இணையத்தை நோக்கித் திறந்து வைத்தவர்கள். திருத்தத்தை உடனே ஏற்றுவதிலும் ஒரு விவேகம் வேண்டும் என்பதை 2024 மார்ச் 29 காட்டியது. எக்ஸ்இசட் என்னும் சிறு நூலகத்தில் மிகத் தந்திரமாகப் பொதிந்து வைக்கப்பட்ட பின்கதவை, எஸ்.எஸ்.ஹெச். நுழைவு வழக்கத்தைவிட அரை விநாடி தாமதிக்கிறதே என்று சந்தேகித்த ஆண்ட்ரெஸ் ஃபிராயண்ட் என்ற பொறியாளர் கண்டுபிடித்தார். புதுமையை நாடிச் சோதனைப் பதிப்புகளில் இருந்தோர் சிலரை அது தொட்டது. டெபியனின் நிலைத்த பதிப்பில் இருந்தோரைத் தொடவில்லை. அதிகம் மாறாத பதிப்பு, அதில் பாதுகாப்புத் திருத்தம் மட்டும் அன்றன்று: நம் காரியத்துக்கு இதுவே போதும். நெக்ஸ்ட்கிளவுடை மட்டும், ஒவ்வொரு பெரும்பதிப்புக்கும் ஏறத்தாழ ஒரு வருஷமே ஆதரவு உண்டு என்பதாலும், பதிப்புகளைத் தாண்டிக் குதிக்க அது இடங்கொடாது என்பதாலும், காலந்தவறாமல் ஒவ்வொரு படியாக ஏற்றிவர வேண்டும்.

திருடன் பெட்டியையே தூக்கிப் போனால் என்ன செய்வது என்பதற்கு டிஸ்க் முழுவதையும் லக்ஸ் முறையில் மறையாக்குவதே விடை. ஆனால் இந்த விடை, கரண்ட் தவறாத ஊர்களில் எழுதப்பட்டது. டிஸ்க் முழுவதும் பூட்டியிருக்கையில், நடுநிசியில் மின்சாரம் போய் வந்தால் சர்வர் எழுந்து சாவியைக் கேட்டபடி விடியும்வரை நிற்கும். ஆகவே இயங்குதளத்தைத் திறந்த பகுதியிலும், கோப்புகளைப் பூட்டிய பகுதியிலுமாகப் பிரித்துவிட்டால், சர்வர் தானே எழுந்து வயர்கார்ட் வழியைத் திறந்து காத்திருக்கும்; சங்கத்துக் காரியதரிசி தம் வீட்டிலிருந்தே உள்ளே நுழைந்து கோப்புப் பகுதியைத் திறந்துவிடலாம். இதோடு சேர்த்து ஒரு மயக்கத்தையும் தெளிவாக்க வேண்டும். நெக்ஸ்ட்கிளவுடில் ‘சர்வர்பக்க மறையாக்கம்’ என்று ஒன்று இருக்கிறது. அதைப் போட்டுவிட்டால் எல்லாம் பத்திரம் என்று எண்ணுவோர் பலர். சாவியும் பூட்டும் அதே கணினியில் இருக்கையில், கணினிக்குள் புகுந்தவனை அது தடுக்காது. கோப்புகளை வாடகை இடத்தில் வைப்போருக்கே அதன் பிரயோஜனம்.

இவ்வளவு காவலையும் ஒரே ஒரு தீ பொருளற்றதாக்கிவிடும். 2025 செப்டம்பர் 26ஆம் தேதி தென் கொரியாவின் டேஜான் நகரிலுள்ள அரசுக் கணினி மையத்தில் லித்தியம் பேட்டரிகளில் பற்றிய தீ, அரசு ஊழியர்கள் தம் வேலைக் கோப்புகளைச் சேமித்துவந்த ஜி-டிரைவ் என்னும் கிளவுடை அழித்தது. அந்நிய நிறுவனத்தை நம்பாமல் அரசே தன் இடத்தில், தன் பொறியாளர்களைக் கொண்டு நடத்திய சேமிப்பு அது. அளவு பெரிதென்ற காரணத்தால் வேறு ஊரில் பிரதி வைக்காமல் விட்டிருந்தார்கள். 858 டெராபைட் போய்விட்டது. கொரியா போன்ற ஒரு தேசத்துக்கே இது நேருமாயின், சொந்த சர்வர் என்பது தன்னளவில் ஒரு பாதுகாப்பாகாது என்பதற்கு வேறு சாட்சியம் வேண்டியதில்லை.

புகைப்படக் கலைஞர் பீட்டர் குரோக் வகுத்த விதி இன்றும் சரியானதே: மூன்று பிரதிகள், இருவகைச் சாதனங்களில், ஒன்று வேறு ஊரில். ஒரே பெட்டிக்குள் ஜோடியாக இருக்கும் இரண்டு டிஸ்குகள் இக்கணக்கில் ஒரு பிரதிதான். தவறி அழித்த கோப்பு இரண்டிலும் அதே கணத்தில் அழியும். போர்க், ரெஸ்டிக் என்ற இரண்டு மென்பொருள்களும், மாறிய பகுதியை மட்டும் மறையாக்கி அனுப்பி, நேற்றைய நிலையையும் போன மாதத்து நிலையையும் தனித்தனியே காத்துத் தருகின்றன. அனுப்பும் சர்வருக்குப் பழைய பிரதியை அழிக்கும் அதிகாரம் இராதபடி அமைத்துவிட்டால், வைரஸ் புகுந்தாலும் பிரதிகள் தப்பும். ஒரு டெராபைட்டை 100 எம்பிபிஎஸ் வேகத்தில் ஏற்ற ஏறத்தாழ ஒரு நாள் ஆகும். 10 எம்பிபிஎஸ்ஸானால் ஒன்பது நாளுக்கு மேல். எனவே முதற்பிரதியை டிஸ்கில் எடுத்து பஸ்ஸில் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டு, அன்றாட மாற்றங்களை மட்டும் இணையத்தில் அனுப்புவதே உசிதம். வேறு ஊர் எது என்பதற்குக் கொங்கு நாட்டில் பஞ்சமில்லை. சென்னிமலையிலும் பவானியிலும் நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்கள் இருக்கின்றன. சிறுமுகைச் சங்கம் ஒன்றும் சென்னிமலைச் சங்கம் ஒன்றும் தத்தம் மறையாக்கிய பிரதிகளை மற்றவரிடம் வைத்துக்கொண்டால், ஒருவர் டிசைனை மற்றவர் பார்க்கவும் முடியாது, இருவருக்கும் வாடகையும் இல்லை. எடுத்த பிரதியிலிருந்து வருஷத்துக்கு ஒரு தடவையாவது, தணிக்கைக் காலத்தில், ஒரு வெற்றுக் கணினியில் எல்லாவற்றையும் மீட்டுப் பார்க்க வேண்டும். மீட்டுப் பார்க்காத பிரதியை நான் பிரதியென்றே கணக்கில் சேர்ப்பதில்லை.

சட்டத்தின் பக்கமும் ஒரு வார்த்தை. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒருவர் தம் வீட்டுக் காரியத்துக்காக வைத்திருக்கும் விவரங்களுக்குப் பொருந்தாது. ஆனால் உறுப்பினர்களின் ஆதார் நகலை வைத்திருக்கும் சங்கத்துக்குப் பொருந்தும். தக்க பாதுகாப்பு செய்யத் தவறினால் அபராதத்தின் உச்சவரம்பு 250 கோடி ரூபாய். 2025 நவம்பரில் விதிகளும் அறிவிக்கப்பட்டு, கடமைகள் படிப்படியாக அமலுக்கு வரும்படி கெடு வைக்கப்பட்டிருக்கிறது. தேவையற்ற ஆதார் நகல்களை அழித்துவிடுவது இச்சட்டத்தை அனுசரிப்பதற்கு மிக மலிவான வழி. அதை சர்வர் வாங்குவதற்கு முன்பே செய்துவிடலாம்.

இத்தனையையும் யார் செய்வது? தனி வீட்டில் ஆர்வமுள்ள ஓர் இளைஞர் எல்லாவற்றையும் செய்துவிடுவார்; இரண்டு வருஷத்தில் அவருக்கு பெங்களூரில் உத்தியோகம் கிடைக்கும்; பெட்டி ஓடிக்கொண்டே இருக்கும், திருத்தங்கள் நின்றுபோயிருக்கும், பெற்றோருக்குக் கடவுச்சொல்லும் தெரியாது. இதுவே நான் தனி வீடுகளுக்கு சிங்க்திங்கோடும், வாரத்துக்கொருமுறை மாட்டிக் கழற்றும் ஒரு டிஸ்கோடும் நிறுத்திக்கொள்ளச் சொல்வதன் காரணம். பால் கூட்டுறவுச் சங்கத்தையும் நெசவாளர் சங்கத்தையும் தலைமுறை தலைமுறையாக நடத்தி, கணக்கெழுதி, தணிக்கை செய்து பழகிய இந்தப் பிரதேசத்தில், கோப்புகளின் காவலையும் அத்தகைய ஒரு ஸ்தாபனத்திடம் ஒப்படைப்பது புதிய யோசனையேயன்று. சங்கத்துக்குக் கட்டடம் இருக்கிறது, பீரோ இருக்கிறது, சம்பளம் வாங்கும் எழுத்தர் இருக்கிறார், ஒருவர் போனால் மற்றொருவர் பொறுப்பேற்கும் முறை இருக்கிறது. கோவையைச் சுற்றியுள்ள அநேகம் பொறியியல் கல்லூரிகளில் லினக்ஸ் தெரிந்த மாணவர்கள் இருக்கிறார்கள். மாதம் ஒருநாள் வந்து பார்த்துப்போகும் ஒருவருக்கு சங்கம் நியாயமான சம்பளம் தரலாம். இலவசமாகச் செய்யச் சொல்வது கூடாது. சம்பளமில்லாத காவல் வெகுநாள் நீடிப்பதில்லை.

சாவிக்கோப்பின் நகலும், டிஸ்கைத் திறக்கும் சொற்றொடரும், பிரதிகளை மீட்கும் முறையும் தமிழில் அச்சிட்டு, உறையிலிட்டு, சங்கத்துப் பீரோவில் ஒன்றும் பிரதி வைத்திருக்கும் வெளியூர்ச் சங்கத்தில் ஒன்றுமாக இருக்கட்டும். காரியதரிசி மாறும் நாளில் பழைய சாவியை நீக்கிப் புதுச்சாவி ஏற்றுவதைப் பொறுப்பு ஒப்படைக்கும் நடபடிக் குறிப்பிலேயே எழுதிவிடலாம். பார்த்துக்கொள்ள ஆள் கிடைக்காத நிலை என்றேனும் வருமாயின், சர்வரை அரைகுறையாக ஓடவிடாமல் முறைப்படி மூடிவிடுவதே நேர்மை. கோப்புகள் கோப்புகளாகவே இருப்பதால் அவற்றை இரண்டு டிஸ்குகளில் எடுத்துக்கொண்டு, உறுப்பினர்களின் கைபேசிகளிலிருந்து வயர்கார்டை நீக்கிவிட்டு, கட்டணச் சேவை ஒன்றுக்கு ஏற்றிவிட சில நாட்களே போதும். பழைய டிஸ்கின் மறையாக்கச் சாவியை அழித்துவிட்டால், அதற்குப் பின் அந்த டிஸ்கை விற்றாலும் அதன் பூட்டிய பகுதியிலிருந்து எவரும் எதையும் எடுக்க முடியாது.